ஊட்டியில் வேகாத பருப்பு

ஊட்டி அக்கா: அம்மா, கூட்டாஞ்சோறு வைக்கலாம் என்று துவரம்பருப்பைப் போட்டேன். தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கிறது, வேகத்தான் இல்லை. நசுக்கிப் பார்த்தால் நடுவில் கடுகளவு வெள்ளையாக நிற்கிறது.

அம்மா: குக்கர் என்னாச்சு?

ஊட்டி அக்கா: கேஸ்கட் கிழிந்துவிட்டது. புதுப் பாத்திரத்தில்தான் வைத்தேன்.

அம்மா: அப்போ பாத்திரம் சரியில்லை. இல்லையென்றால் பருப்பு பழசு. தீயைக் கூட்டி வை.

அம்பை மாமா: கூட்டாதே மருமகளே, கேஸ்தான் வீணாகும். கொதிக்கிற தண்ணீர் அதற்கு மேல் சூடேறாது. கூடுதல் தீ முழுக்க ஆவியாகப் போய்விடும்.

நான்: அங்கேயும் 100 டிகிரிதானே மாமா? இங்கே பாளையங்கோட்டையில் வேகிறது அங்கே ஏன் வேகவில்லை?

அம்பை மாமா: 100 என்பது கடல் மட்டத்துக் கணக்கு. தண்ணீர் சூடாக ஆக ஆவி வெளியே தள்ளும், மேலே இருந்து காற்று அழுத்தும். இரண்டும் சமமாகிறபோதுதான் குமிழி விட்டுக் கொதிக்கும். மலை ஏற ஏற நம் தலைக்கு மேல் உள்ள காற்று குறைகிறது. ஊட்டி 2240 மீட்டர். காற்றழுத்தம் இங்கே இருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான். அதனால் 93 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். பார்வைக்கு அதே கொதிதான், ஆனால் சூடு ஏழு டிகிரி குறைச்சல். பருப்புக்கு அது பெரிய விஷயம்.

ஊட்டி அக்கா: சோறு மட்டும் வெந்துவிடுகிறதே மாமா?

அம்பை மாமா: அரிசி எண்பது டிகிரிக்குள்ளேயே இளக ஆரம்பித்துவிடும். நேரம்தான் கொஞ்சம் கூடும்.

நான்: நம்ம பக்கத்து மலையில் எப்படி?

அம்பை மாமா: 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள். பாளையில் நூறை ஒட்டித்தான். மாஞ்சோலை ஆயிரம் மீட்டருக்கு மேல், அங்கே 96 சொச்சம். பொதிகை உச்சி 1868 மீட்டர், 94.

பெரியம்மா: மாஞ்சோலையில் இருந்த காலத்தில் பருப்பை முந்தின ராத்திரியே ஊறப்போட்டுவிடுவேன். அங்கே எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

அம்பை மாமா: நல்ல பழக்கம் அக்கா, மலையில் அதுதான் கை கொடுக்கும். பாத்திரத்தைக் குறை சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1835இல் டார்வின் ஆண்டீஸ் மலையைக் கடந்தார். உருளைக்கிழங்கை மணிக்கணக்கில் கொதிக்க வைத்தும், ராத்திரி முழுக்க அடுப்பிலேயே விட்டும் வேகவில்லை. கூட வந்தவர்கள் அந்தப் புதுப் பானைக்குத்தான் வேகவைக்க மனசில்லை என்று முடிவு கட்டினார்கள். காரணம் காற்றழுத்தம் என்று டார்வினுக்குத் தெரிந்திருந்தது.

நான்: உப்பு போட்டால் கொதிநிலை ஏறும் என்று படித்தேனே?

அம்பை மாமா: ஏறும். ஒரு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் போட்டால் கால் டிகிரிகூட ஏறாது. பிரயோஜனமில்லை.

அம்மா: ஆச்சி பக்கத்தில் இருந்து கேட்கிறாள், "ஏளா, புளியை முதல்லயே ஊத்திட்டியா?"

ஊட்டி அக்கா: கொஞ்சம் ஊற்றிவிட்டேனே ஆச்சி...

அம்பை மாமா: உன் ஆச்சி சரியான இடத்தைப் பிடித்துவிட்டாள். புளிப்பு சேர்ந்தால் பருப்பு இளகாது. மலையும் புளியும் சேர்ந்துதான் இந்தப் பாடு. பக்கத்து வீட்டில் குக்கர் கேட்டு வாங்கு, வேறு பருப்பு போடு. புளி பருப்பு வெந்த பிறகுதான்.

ஊட்டி அக்கா: எத்தனை விசில் மாமா?

அம்பை மாமா: குக்கர் மூடி மேல் வைக்கிற குண்டு, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல், கடல் மட்டக் காற்றழுத்தம் அளவுக்கு இன்னும் ஒரு பங்கை உள்ளே நிறுத்தும். இங்கே உள்சூடு 120 டிகிரி வரை போகும். அங்கே வெளிக்காற்றே குறைவு, அதனால் 116 போலத்தான். இங்கே மூன்று விசில் என்றால் அங்கே ஐந்து வை.

ஊட்டி அக்கா: சரி மாமா, இப்போதே போய்க் கேட்கிறேன்.

அம்மா: உன் குக்கர் எத்தனை லிட்டர்? நாளைக்கு டவுனுக்குப் போகிறேன், கேஸ்கட் வாங்கிக் கூரியரில் போட்டுவிடுகிறேன்.

ஊட்டி அக்கா: ஐந்து லிட்டர். இரண்டாகவே வாங்கி அனுப்புங்கள் அம்மா.