சொந்தமாகச் செய்த பாஸ் கிட்டார்: ஜி கம்பியில் ஒரு இடம் மட்டும் செத்துக்கிடக்கிறது

கையால் செய்த நான்கு கம்பி எலக்ட்ரிக் பாஸ். போன மாதம் கம்பி ஏற்றிய நாளிலிருந்தே பிரச்சினை. ஜி கம்பியில் 6ஆம் ஃபிரெட்டில் (விரல் வைக்கும் பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) வாசித்தால் சத்தம் எழும்பி உடனே அடங்கிவிடுகிறது. 5ஆம் ஃபிரெட்டிலும் இதே பிரச்சினை லேசாக இருக்கிறது. அதே சுரத்தை டி கம்பியில் 11ஆம் ஃபிரெட்டில் பிடித்தால் நன்றாக நீள்கிறது. கரகரப்பு இல்லை, ஆம்ப் இல்லாமல் வாசித்தாலும் இதே கதைதான். அதனால் வயரிங் மேல் சந்தேகமில்லை.

34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), போல்ட்டால் மாட்டிய மேப்பிள் நெக் (கழுத்து), ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு, ஆஷ் மர பாடி, பழைய பாணி கனமான டியூனர்கள் (கம்பியை முறுக்கும் திருகுகள்). நெக்குக்குள் ட்ரஸ் ராட் (வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) மட்டும்தான், நெக்கை விறைப்பாக்கும் கார்பன் தண்டு வைக்கவில்லை. 7ஆம் ஃபிரெட்டில் ரிலீஃப் (நெக்கின் லேசான வளைவு) 0.3 மி.மீ.

கம்பி செட்டை மாற்றினேன். ஃபிரெட்டுகளை லெவல் செய்து, ராக்கர் (ஃபிரெட் உயரம் சோதிக்கும் சின்னப் பட்டை) வைத்துப் பார்த்தேன், எதுவும் தூக்கி நிற்கவில்லை. காந்தம் கம்பியை இழுக்கிறதோ என்று பிக்கப்பை (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பகுதி) நன்றாக இறக்கினேன். நெக் போல்ட்டுகளை இறுக்கி, நெக் பொருந்தும் குழியில் இடைவெளி இல்லை என்பதையும் உறுதி செய்தாயிற்று. எதிலும் மாற்றமில்லை.

டியூனர்கள் இருக்கும் நெக் நுனியில், அதாவது ஹெட்ஸ்டாக்கில், ஒரு சி-கிளாம்ப் மாட்டி எடை கூட்டியபோதுதான் ஏதோ அசைந்தது: 6ஆம் ஃபிரெட் உயிர்பெற்றது, 4ஆம் ஃபிரெட் செத்தது! ஆக, நெக்கின் சொந்த அதிர்வுதான் கம்பியின் சக்தியை உறிஞ்சுகிறது என்று நினைக்கிறேன். எடை கூடினால் அந்த இடம் கீழே இறங்குகிறது, குறைந்தால் மேலே ஏற வேண்டும். ஆனால் எவ்வளவு ஏறும்?

லேசான டியூனர்கள் மாற்றியே இதை 9ஆம் ஃபிரெட்டுக்கு மேல் தள்ளியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, அல்லது ஃபிங்கர்போர்டைக் கழற்றி கார்பன் தண்டு பதிப்பதுதான் வழியா?