டாலஸா, கொலம்பஸா?

கேள்வி: டெக்சாஸ் டாலஸ், ஒஹையோ கொலம்பஸ் இரண்டிலும் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் ஒன்றே. வீடு வாங்க எது தேவலை?

பதில் 1: டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, ஆனால் சொத்து வரி வீட்டு மதிப்பில் சுமார் 2% வரும். கொலம்பஸில் மாநில வரி போக, நகர வருமான வரியே 2.5%.

பதில் 2: டாலஸ் களிமண் கோடையில் சுருங்கும், மழையில் உப்பும், அஸ்திவாரம் அசையும். கதவு நிலையில் உரசுகிறதா, ஜன்னல் மூலையில் சாய்வாகக் கீறல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஆலங்கட்டி மழைக்கான டிடக்டிபிள் (சேதத்தில் காப்பீடு தருமுன் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) 2% என்றால், 4,00,000 டாலர் காப்பீட்டில் முதல் 8,000 உங்கள் கையைக் கடிக்கும்.

பதில் 3: ஒஹையோவில் வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்ட்தான் வில்லங்கம். அங்கே ஊறும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்புக்கு பேட்டரி இல்லையென்றால், புயலில் கரண்ட் போகும் நேரம் பார்த்துத் தண்ணீர் ஏறும். மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானின் அளவு லிட்டருக்கு 4 பிகோக்யூரியைத் தொட்டால், வெளியேற்றும் குழாயை விற்பவர் செலவிலேயே போடச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.