‘பொலோ அப்’ செய்வதாக எழுதினால் அது வாக்குறுதியா?

உவர்மலை வாசி: மாரிமழையில் எங்கள் ஒழுங்கையின் வடிகான் நிரம்பி வழிவதைப் பற்றி ஓர் அலுவலகத்துக்குத் தமிழில் எழுதிய முறைப்பாட்டுக்கு, அதனைப் ‘பொலோ அப்’ செய்வதாக ஆங்கிலத்தில் பதில் வந்துள்ளது. கையொப்பமிட்டு எழுத்தில் தந்தபின் அது வாக்குறுதிதான் என்பது என் கருத்து; சங்கத்தில் சிலர் இல்லை என்கின்றனர்.

வில்லூன்றி: அவர்கள் சொல்வதே சரி, ஐயா. ‘பொலோ அப்’ என்பது ஒரு விடயத்தை அத்துடன் விட்டுவிடாமல் மேலும் விசாரிப்பதையோ, அடுத்த நடவடிக்கை ஒன்றை எடுப்பதையோ மட்டுமே குறிக்கும். வேலை முடியும் என்ற உறுதி அதில் இல்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் ‘பொலோ அப்’புக்காகக் கிளினிக்குக்கு வரச் சொல்லும் வைத்தியர், நோய் முற்றாக மாறும் என்று எழுதித் தருவதில்லையே. சொன்னதைச் செய்துமுடிப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ளது ‘பொலோ த்ரூ’. பந்து கையை விட்டுப் போன பின்னரும் பந்துவீச்சாளரின் கையும் உடலும் அதே வீச்சில் முன்செல்வதற்கும் கிரிக்கெட்டில் இதே பெயர்தான்.

உவர்மலை வாசி: அகராதிப் பொருளை நான் மறுக்கவில்லை. ஆயினும் முறைப்பாட்டுக்கான பதிலில் ஓர் அலுவலகம் அதை எழுதும்போது, வடிகான் திருத்தப்படும் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார் என்பது எழுதியவருக்குத் தெரியாதா?

பாலையூற்று ஆசிரியை: நன்றாகத் தெரிந்திருக்கும், பொறுப்பேற்காமல் நல்ல பெயர் எடுக்கவே அந்தச் சொல்லைத் தெரிந்தெடுத்தார்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்காக, வில்லூன்றி அவர்கள் காட்டும் ‘பொலோ த்ரூ’வும் தானாக வாக்குறுதியாகிவிடாது. முன்னரே கொடுத்த ஒரு வாக்கோ வகுத்த ஒரு திட்டமோ இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. எதனை நிறைவேற்றுவது என்று குறிப்பிடுவதற்கு அதனுடன் ‘ஒன்’ (on) அல்லது ‘வித்’ (with) என்ற ஆங்கிலச் சொல் சேர்ந்து வரும். (க.பொ.த. வகுப்பில் பிள்ளைகள் தடுமாறும் இடமும் இதுவே.) உங்கள் கடிதத்திலோ நிறைவேற்றுவதற்கு முன்வாக்கே இல்லை.

வில்லூன்றி: முன்வாக்கு இல்லாதபோது, அதை முதலில் பெறுவதுதானே முறை? இலங்கையின் 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தப்படி வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ். தமிழில் எழுதியவருக்கு ஆங்கிலத்தில் ஏன் பதில் வந்தது என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

உவர்மலை வாசி: எழுத்தில் தந்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்பதில் நான் இன்னும் மாறவில்லை. இருந்தாலும், வடிகானை யார், எந்தத் திகதிக்குள் திருத்துவார் என்று தமிழில் அறியத்தருமாறு சங்கத்தின் பெயரில் இரண்டாவது கடிதம் அனுப்புகிறோம்.