புதுசா வந்தவங்களுக்கு ஏதாச்சும் செய்ய 500 டாலர் கிராண்ட், யாராச்சும் எழுதி வாங்கியிருக்கீங்களா?

சர்ரேக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு சொந்த ஊர் கோயம்புத்தூர், கனடால பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல இருக்கற சர்ரேக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. எங்க பில்டிங்ல இந்த வருஷம் மட்டும் ரெண்டு ஆப்கான் குடும்பம், ஒரு எரித்திரியா குடும்பம் வந்திருக்காங்க, அப்புறம் பேரப்பிள்ளைய பாத்துக்க சூப்பர் விசால (பெத்தவங்க, தாத்தா பாட்டி வந்து நீண்ட நாள் தங்கறதுக்கான விசா) வந்த திருச்சி அம்மா ஒருத்தங்க. போன மாசம் லாண்டரி ரூம்ல அதுல ஒரு ஆப்கான் அக்கா கை நிறைய சில்லறைய வச்சுக்கிட்டு மெஷின் முன்னாடி நின்னுட்டு இருந்தாங்க. அந்த மெஷின் காசு வாங்காது, கார்டு மட்டும்தான், ஆனா அது எங்கயும் எழுதி ஒட்டல, எவ்ளோ நேரமா நின்னாங்களோ தெரியல, ஈரத்துணி கூடைல இருந்து தண்ணி சொட்டி தரையெல்லாம் ஓடிருந்தது. நான் என் கார்ட போட்டு ஓட்டி விட்டேன், அவ்ளோதான். ரெண்டு நாள் கழிச்சு கதவ தட்டி உருளக்கிழங்கு வச்ச ரொட்டி ஒரு தட்டு குடுத்துட்டு போனாங்க, பொலானின்னு பேராம், இன்னும் சூடு ஆறாம இருந்தது. எனக்கு அன்னிக்கு தூக்கமே வரல. நான் வந்த முதல் குளிர்காலத்துல ஆறு வாரம் கடைக்காரர் தவிர யார்கிட்டயும் பேசாம இருந்தேன், அதான் ஞாபகம் வந்துட்டே இருந்தது.

லைப்ரரி போர்டுல நெய்பர்ஹுட் ஸ்மால் கிராண்ட்ஸ்னு ஒரு நோட்டீஸ் பாத்தேன், அக்கம்பக்கத்துக்காரங்க சேந்து ஏதாவது செய்ய 500 டாலர் வரைக்கும் குடுப்பாங்களாம். இதுக்கு சங்கம் ரிஜிஸ்டர் பண்ணி இருக்கணுமா? என் இங்கிலீஷ் சுமார்தான், அப்ளிகேஷன் எழுத முடியுமா? வீட்டுக்காரர் தீபாவளி ப்ரோக்ராம் வைக்கலாம்ங்கறாரு, எனக்கு என்னமோ அது சரியா படல. 500 டாலர்ல நெஜமாவே என்ன செய்யலாம், செஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கொக்குவிலான்:
வணக்கம் தங்கச்சி, நான் பேர்ணபியில இருக்கிறன், நாங்கள் ரெண்டு தரம் எடுத்தனாங்கள். சங்கம் ஒண்டும் தேவையில்லை, இது அயலில இருக்கிற சாதாரண சனத்துக்கெண்டே வச்ச காசு. இந்தத் திட்டத்தை வான்கூவர் ஃபவுண்டேஷன் எண்ட அறக்கட்டளை 1999ல தொடங்கினது, இப்ப ஒவ்வொரு ஏரியாவிலயும் ஒரு உள்ளூர் அமைப்பு அவையின்ர சார்பில நடத்துது, அப்ளிகேஷனையும் அங்கதான் பாப்பினம். வருசம் முழுக்க திறந்திராது, அதால முதல் அவைக்கு ஒரு ஃபோன் அடிச்சு எப்ப திறப்பினம் எண்டு கேளுங்கோ. நிகழ்ச்சி உங்கட அயலுக்குள்ள நடக்கவேணும், வாறவையிட்ட காசு வாங்கக்கூடாது, ஆர் வந்தாலும் சேக்கவேணும், முக்கியமா பாக்கிறது இதுதான்.

எங்கட கதையை சொல்றன். 2010ல சன் சீ கப்பல்ல எங்கட ஈழத்துச் சனம் 492 பேர் இங்க வந்து இறங்கினது ஞாபகம் இருக்கும். அதில வந்த ஒரு அண்ணை எங்கட பில்டிங்கில இருக்கிறார், ஊரில தையல்காரர். இங்க வந்த காலத்தில இருந்து துப்புரவு வேலை, ஆரோடயும் கதைக்கமாட்டார், லிஃப்டில கண்டாலும் நிலத்தைத்தான் பாப்பார். எங்கட ஏரியாவுக்கு புதுசா வாற சனம் கூடுதலா பழைய ஜாக்கெட்டைத்தான் வாங்கிப் போடுங்கள், அதில பாதிக்கு சிப் (நீங்கள் ஜிப் எண்டுவியள்) வேலை செய்யாது, நவம்பர் மழைக்க சிப் பூட்டாத ஜாக்கெட்டோட பஸ் ஸ்டொப்பில நிண்டு பாத்தவைக்குத்தான் அந்தக் குளிர் விளங்கும். அதால "சிப் மாத்திற சனிக்கிழமை" எண்டு ஒண்டு வைப்பமெண்டு எழுதினம். சிப், நூல், ஊசி, ரெண்டு தையல் மெசினுக்கு சேர்விஸ், தேத்தண்ணி, பிஸ்கட், தூர இருந்து வாறவைக்கு பஸ் டிக்கெட், எல்லாம் 500க்குள்ள அடங்கினது. பில்டிங் கொமன் ரூம் சும்மா கிடைச்சது.

முதல் சனிக்கிழமை அண்ணை வரவேமாட்டன் எண்டிட்டார். நான்தான் மெசின் நூல் அறுக்குது, ஒருக்கா வந்து பாருங்கோ எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான். வந்தவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார், ஒரு சிரியா பெடியன்ர ஜாக்கெட்டை வாங்கி பழைய சிப்பை பிளேட்டால ஒரு இழை நூலும் துணியில படாமல் உரிச்சார் பாருங்கோ, அறையில இருந்த எல்லாரும் கதையை விட்டிட்டு அவற்ற கையைப் பாத்துக்கொண்டு நிண்டவை. பிறகு அந்தப் பெடியன்ர தாய் பக்கத்தில வந்து இருந்து, தானும் தைப்பன் எண்டு கையால காட்டினா. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாசையும் இல்லை. மூண்டு மணித்தியாலம் ரெண்டு பேரும் ஒரு மேசையில. இப்ப மாசத்தில ஒரு சனிக்கிழமை நடக்குது, கிராண்ட் முடிஞ்சு போச்சு, சிப் மட்டும் ஆளாளுக்கு வாங்கிக்கொண்டு வருகினம்.

தீபாவளி ப்ரோக்ராமை நான் பிழையெண்டு சொல்லேல்லை, ஆனா அதில புதுசா வந்தவை கதிரையில இருந்து பாத்திட்டு சாப்பிட்டிட்டு போயிடுவினம். அவையின்ர கைக்கு ஒரு வேலை இருக்கிற மாதிரி யோசியுங்கோ.

கிழக்கு வான்கூவர் தோழி:
கொக்குவிலான் அண்ணா சொன்னத வழிமொழியறேன். நான் எங்க ஏரியால ரெண்டு வருஷம் அப்ளிகேஷன் படிச்சு முடிவு பண்ற குழுவுல வாலண்டியரா இருந்தேன். அந்தக் குழுவுல இருந்தது என்ன மாதிரி அதே ஏரியாவாசிங்கதான், அதனால இங்கிலீஷ் பத்தி கவலையே படாதீங்க, இலக்கணம் தப்பா இருந்த அப்ளிகேஷன் எத்தனையோ பாஸ் ஆகியிருக்கு. நாங்க தேடறது ஒரே கேள்விக்கு பதில், ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவங்க இதுல எப்படி பேசிப் பழகப் போறாங்க? "கலாச்சாரத்தை கொண்டாடுவோம்"னு ரெண்டு பத்தி எழுதி கேட்டரிங்குக்கு 450 டாலர் போட்டா எங்களுக்கு ஒண்ணும் புரியாது. நீங்க மேல எழுதினீங்களே, லாண்டரி ரூம், சில்லறை, பொலானி, அதையே அப்படியே எழுதுங்க, நான் படிச்சிருந்தா முதல் ஆளா ஓட்டு போட்டிருப்பேன்.

இன்னொரு விஷயம், தயவுசெஞ்சு அந்த ஆப்கான் அக்காகிட்ட முதல்ல கேளுங்க. அவங்களுக்காக நாமளே உக்காந்து ப்ளான் போட்டு கடைசில இன்விடேஷன் மட்டும் குடுக்கறது எனக்கு வருத்தமான விஷயம், இத நிறைய பாத்துட்டேன். ஒரு தடவ எங்க தெருவுல ஞாயித்துக்கிழமை காலைல வச்சோம், எரித்திரியாக்காரங்க ஒருத்தரும் வரல, அப்புறம்தான் தெரிஞ்சுது அது அவங்க சர்ச்சுக்கு போற நேரம், ஒரு வார்த்த கேட்டிருந்தா போதும். முடிஞ்சா அவங்க பேரையும் அப்ளிகேஷன்ல சேத்து போடுங்க.

சாப்பாடு விஷயத்துல கவனம். எல்லாருக்கும் திறந்த நிகழ்ச்சில வீட்டுல சமைச்சு பரிமாறணும்னா ஹெல்த் அத்தாரிட்டி அனுமதி தேவைப்படலாம், சர்ரேன்னா ஃப்ரேசர் ஹெல்த், முன்னாடியே கேட்டுடுங்க. பார்க்ல வைக்கறதா இருந்தா சிட்டி இன்சூரன்ஸ் கேக்கலாம், அதுலயே பாதி பணம் போயிடும், கொட்டற மழைல பார்க் வேற எதுக்கு.

மிட்சம்வாசி:
நான் லண்டன், மிட்சம் பக்கம். இங்க இந்த மாதிரி தனி ஆளுக்கு குடுக்கற சின்ன கிராண்ட் எனக்கு சிக்கல, நாங்க எடுத்தது நேஷனல் லாட்டரியோட அவார்ட்ஸ் ஃபார் ஆல், இங்கிலாந்துல 300 பவுண்டுல இருந்து 20,000 பவுண்டு வரைக்கும் இருக்கு. ஆனா அதுக்கு குழுவுக்குன்னு எழுதின விதிமுறை, குழு பேர்ல பேங்க் அக்கவுண்ட், கமிட்டில சொந்தக்காரங்களா இல்லாத ரெண்டு பேராவது இருக்கணும். எங்க கமிட்டில பாத்தா நான், என் தம்பி, தம்பி சம்சாரம், எல்லாம் ஒரே குடும்பம், வெளியாள் தேடிப் பிடிக்கவே கோடை முடிஞ்சிடுச்சு. 2021 ஜனவரில ஹாங்காங்காரங்க இங்க வந்து குடியேறறதுக்கான பிஎன்ஓ விசா தொறந்த அப்புறம் பக்கத்துல சட்டன்ல ஹாங்காங் குடும்பங்க நிறைய குடியேறினாங்க, அவங்கள்ல ஒருத்தங்க பொருளாளரா வந்தாங்க, அது எங்களுக்கு கிடைச்ச பெரிய அதிர்ஷ்டம், கணக்கு ஒரு பென்னி பிசகல.

நாங்க செஞ்சது ரொம்ப சாதாரணம், செவ்வாக்கிழமை தோறும் சேந்து ஒரு நடை. ஜிபி சர்ஜரி (இங்க ஏரியா டாக்டர் க்ளினிக்க அப்படித்தான் சொல்வாங்க), லைப்ரரி, போஸ்ட் ஆபீஸ், எந்தக் குப்பை எந்தத் தொட்டி எந்த நாள் எல்லாம் நடந்துக்கிட்டே காட்டறது. முதல் நாள் எங்க அம்மா, எண்பதுகள்ல வந்தவங்க, ஒரு ஹாங்காங் பாட்டி கைய பிடிச்சுக்கிட்டு ரோடு கடக்க வச்சாங்க, அன்னிலேருந்து அந்தப் பாட்டி எங்க அம்மா இல்லாம நடக்க வர மாட்டேங்கறாங்க. சர்ரேக்காரி, உங்க 500 டாலருக்கு ஆறு வாரம் நடக்கலாம், டீக்கும் ஆளுக்கு ஒரு குடைக்கும் போதும்.

சர்ரேக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, அண்ணா நீங்க எழுதினத வீட்டுக்காரருக்கு சத்தமா படிச்சு காட்டினேன், தீபாவளி பேச்ச அவரே விட்டுட்டாரு. நேத்து தோழி சொன்ன மாதிரி அந்த அக்காகிட்ட போனேன், அவங்க பொண்ணு எட்டாவது படிக்குது, அதுதான் மொழிபெயர்த்தது. என்ன வேணும்னு கேட்டதுக்கு அவங்க கேட்டது என்ன தெரியுமா, ஸ்கூல்ல இருந்து வர்ற லெட்டர் எது அவசரம் எது சும்மான்னு யாராவது சொல்லணுமாம், பொண்ணு லீவு கேட்டுட்டு எல்லா லெட்டரையும் தானே உக்காந்து படிக்க வேண்டியிருக்காம். பதிலுக்கு அவங்க என்ன செய்வாங்கன்னு அவங்களே சொன்னாங்க, பொலானி கத்துத் தராங்களாம், சாப்பாட்டு அனுமதி கேட்டுட்டுதான். திருச்சி அம்மா ரிடையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், லெட்டர் படிக்க அவங்க உக்காருறேன்னு சொல்லிட்டாங்க, கண்ணாடி மாத்திட்டு வரேன்னு இன்னிக்கே கிளம்பிட்டாங்க. ஃபோன் பண்ணி கேட்டுட்டேன், அப்ளிகேஷன் ரெண்டு வாரத்துல தொறக்குதாம். எழுதினதும் இங்க போடறேன், தோழி ஒரு தடவ படிச்சு பாருங்க.