பிளாக் தண்டரும் ஊட்டியும் ஒரே பயணத்தில்: 3 இரவு எங்கே தங்குவது?

விருதுநகர் அம்மு

எல்லோருக்கும் வணக்கம். மே இரண்டாவது வாரம் நீலகிரி வருகிறோம். நான், வீட்டுக்காரர், பையன் (9 வயது), மகள் (5 வயது), மாமியார். சொந்தக் கார், வீட்டுக்காரர்தான் ஓட்டுவார். 3 இரவு, 4 பகல்.

பிள்ளைகளுக்கு ஊட்டியை விட மேட்டுப்பாளையத்தில் இருக்கிற பிளாக் தண்டர் தண்ணீர் விளையாட்டுப் பார்க்தான் பெரிய ஆசை. பக்கத்து வீட்டுப் பையன் போய்விட்டு வந்து அலைக்குளத்தைப் பற்றிச் சொன்னதிலிருந்து வீட்டில் அதே பேச்சு. மாமியாருக்கு மலை ரயிலில் ஒரு தடவையாவது ஏற வேண்டும்.

வீட்டுக்காரர் ஊட்டியில் ஒரு காட்டேஜ் பார்த்து வைத்திருக்கிறார். 3 இரவும் அங்கேயே. நடுவில் ஒரு நாள் காலையில் மேட்டுப்பாளையம் இறங்கி, பார்க்கில் ஆடிவிட்டு ராத்திரி மேலே திரும்பிவிடலாம், ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தானே என்கிறார். நாத்தனாரோ, மேட்டுப்பாளையத்தில் ரூம் வாடகை குறைவு, அங்கேயே தங்கி தினமும் மேலே போய் வாருங்கள் என்கிறாள். எனக்கு இரண்டுமே மனசுக்கு ஒட்டவில்லை. மகளுக்கு வளைவு ரோட்டில் வாந்தி வரும், போன வருடம் கொடைக்கானல் ஏறும்போது பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி.

ஞாயிற்றுக்கிழமைக்குள் காட்டேஜுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது சொல்லுங்கள்.

ஈரோட்டுக்காரன்

நாங்கள் இரண்டு வருடம் முன்னால் ஊட்டியிலேயே 3 இரவும் தங்கினோம். பார்க் முடித்து ஏறும்போது பசங்க காரிலேயே தூங்கிவிட்டார்கள். பெட்டி படுக்கையை இரண்டு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். எங்களுக்குச் சரியாகத்தான் இருந்தது.

கோத்தகிரி டீச்சர்

தங்கச்சி, அட்வான்ஸ் கட்டாதீர்கள். இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில் இருக்கிறேன். மாடியில் இரண்டு அறை, சீசனில் மட்டும் குடும்பங்களுக்கு விடுகிறோம். ரூம் விடுகிறவளே சொல்கிறேன்: பார்க் போகிற அன்றைக்கு ராத்திரி மலைமேல் எங்கேயும் தங்காதீர்கள். என் வீடாக இருந்தாலும் வேண்டாம்.

மூன்று வருடம் முன்னால், இதே மே மாதம். சேலத்துக் குடும்பம் ஒன்று எங்கள் வீட்டில் தங்கியிருந்தது. காலையில் பார்க்குக்கு இறங்கினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பிவிட்டோம் என்று போன் வந்தது. ஏழரைக்கு வந்திருக்க வேண்டும். குஞ்சப்பனை பக்கம் ரோட்டில் யானை. பலா பழுக்கிற காலத்தில் அந்தப் பக்கம் யானைகள் இறங்கிவிடும், எங்களுக்கெல்லாம் பழகின விஷயம். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. எங்கள் வாசலுக்குக் கார் வந்தபோது மணி ஒன்பதரை.

பின் சீட்டில் ஆறு வயதுப் பெண்பிள்ளை சுருண்டு கிடந்தாள். வழியில் நாலு தடவை வாந்தி. தூக்கி உள்ளே கொண்டுவந்து ஜடையை அவிழ்த்தேன். மேல் முடி காய்ந்திருந்தது, பின்னலுக்குள் தண்ணீர் அப்படியே நின்றது. ரிப்பனைப் பிழிந்தால் சொட்டுகிறது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. விறகடுப்பில் வெந்நீர் வைத்து உடம்பைத் துடைத்து, என் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டே "அம்மா, தரை ஆடுது, தரை ஆடுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா கார் சாவியைக் கையில் பிடித்தபடி திண்ணையிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. மறுநாள் அவர்கள் எங்கேயும் போகவில்லை. தொட்டபெட்டாவுக்கு என்று வைத்திருந்த நாள் அது.

யார் மேலும் தப்பு சொல்ல முடியாது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். வெயிலில் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறின உடம்பு, இரண்டு மணி நேரத்தில் பத்து பன்னிரண்டு டிகிரி குளிருக்குள் போகிறது. அதற்கு நடுவில் கொண்டை ஊசி வளைவுகள், குன்னூர் ரோட்டில் மட்டும் 14. ஓட்டுகிறவரும் பகலெல்லாம் பிள்ளைகளோடு தண்ணீரில் ஆடினவர்தானே? கண் சொருகுகிற நேரத்தில் மூடுபனியும் எதிரே வருகிற லைட்டும். ஈரோட்டுத் தம்பியின் பிள்ளைகள் தூங்கியது அவர்கள் கொடுத்து வைத்தது. உங்கள் மகளுக்கு வாந்தி வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் பார்க்கைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் 2 இரவு மேலே. மூன்றாம் நாள் காலையில் பெட்டியெல்லாம் கட்டிக்கொண்டு, காய்ந்த உடம்போடு இறங்குங்கள். நாள் முழுக்க ஆடுங்கள். அன்று ராத்திரி மேட்டுப்பாளையத்தில் படுத்தால் பார்க்கிலிருந்து கட்டிலுக்கு ஒரு வளைவு கிடையாது. மறுநாள் நேரே விருதுநகர்.

உங்கள் நாத்தனார் சொல்வதில் வாடகை மிச்சம்தான். ஆனால் தினமும் ஏறி இறங்கினால் அந்த வளைவுகளை எத்தனை தடவை பிள்ளை தாங்கும்? கல்லாறு சோதனைச் சாவடியில் ஒவ்வொரு தடவையும் இ-பாஸ் (நீலகிரிக்குள் வண்டி வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) வரிசை வேறு.

மேட்டுப்பாளையம் மண்டிக்காரர்

டீச்சரம்மா சொல்வது நியாயம். ஆனால் எங்கள் ஊரில் முதல் இரவு தங்குவதுதான் நல்லது என்பேன். மலை ரயில் இங்கிருந்து காலை 7.10-க்கு. கல்லாறு தாண்டினதும் பல்சக்கரத்தில் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். குன்னூர் வரைக்கும்தான் அது, அப்புறம் டீசல். 1899-லிருந்து ஓடுகிற ரயில் அம்மா. அந்தச் சத்தத்தையும் புகையையும் பெரியவர்களுக்குக் காட்டாமல் விடலாமா? நீங்கள் நாலு பேர் ரயிலில் போங்கள், வீட்டுக்காரர் காரில் சாமான்களோடு மேலே வரட்டும். நானே இரண்டு தடவை அப்படி அனுப்பியிருக்கிறேன்.

எந்த இரவானாலும் ரூம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மண்டிப் பக்கம் எடுக்காதீர்கள். உருளைக்கிழங்கும் காய்கறியும் ஏற்ற இறக்க ராத்திரியெல்லாம் லாரி நிற்கும். எனக்கு அது பிழைப்பு, தூங்க வருகிறவர்களுக்கு ஆகாது. ஊட்டி ரோட்டில் பார்க் பக்கமாகப் பாருங்கள், பார்க்கிலேயே தங்கும் அறைகளும் உண்டு. மே மாதம் இங்கே வெக்கை கடுமை. ஏசி இல்லாத ரூம் எடுத்தால் பிள்ளைகள் தூங்காது. கொசுவும் உண்டு, ஜன்னலில் வலை இருக்கிறதா என்று கேளுங்கள்.

கோத்தகிரி டீச்சர்

அண்ணா, நீராவி எஞ்சின் விஷயத்தில் நான் எதிர்ப்பேச்சு பேச மாட்டேன். நாலு இரவு இருந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி: முதல் இரவு கீழே, காலையில் ரயில், நடுவில் மலை, கடைசி இரவு மறுபடியும் கீழே. இவர்களுக்கு இருப்பது மூன்று. இரண்டைக் கீழே கொடுத்தால் மாமியாருக்கு மலை என்பதே ஒரு ராத்திரிதான். அதோடு மேட்டுப்பாளையம் ரயிலுக்கு 60 நாள் முன்னால் முன்பதிவு திறக்கும், மே மாத டிக்கெட் அப்போதே காலியாகிவிடும்.

அம்முவுக்குச் சொல்கிறேன்: குன்னூரிலிருந்து ஊட்டிக்கு அதே மலை ரயில் பகலில் சில தடவை ஓடுகிறது. ஒரு மணி நேரம் சொச்சம். எஞ்சின் டீசல்தான், ஆனால் தேயிலைத் தோட்டம், லவ்டேல், குகை எல்லாம் உண்டு. முழங்கால் வலிக்காரருக்கு ஐந்து மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருவதை விட இதுவே போதும்.

விருதுநகர் அம்மு

அக்கா, அந்தக் குழந்தையைப் பற்றிப் படித்ததும் வீட்டுக்காரரிடம் போனை நீட்டிவிட்டேன். படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவரே காட்டேஜ்காரருக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இன்னும் மூன்று சந்தேகம். மேலே 2 இரவுக்கு ஊட்டியா, குன்னூரா, உங்கள் கோத்தகிரியா? ரூம்காரரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? பார்க் அன்றைக்கு மாமியார் என்ன செய்வார்? அவர் தண்ணீரில் இறங்க மாட்டார், வெயிலில் உட்கார்ந்து கொண்டிருக்கவும் முடியாது.

கோத்தகிரி டீச்சர்

நல்ல காரியம் செய்தார் உங்கள் வீட்டுக்காரர்.

கோத்தகிரி வேண்டாம். எங்கள் ஊர் அமைதி, ஆனால் உங்கள் பிள்ளைகள் கேட்பது ஏரியும் படகும் தாவரவியல் பூங்காவும். இங்கிருந்து ஊட்டி 28 கிலோமீட்டர், போக வர அரை நாள் ரோட்டில் போய்விடும். ஊட்டியில் தங்கினால் எல்லாம் பக்கம், ஆனால் மே மாதம் ஊருக்கு நடுவில் சேரிங் கிராஸ் சந்திப்பைத் தாண்டுவதே பெரிய வேலை, மலர்க் கண்காட்சி நேரம் வேறு. குன்னூர் எடுங்கள். ஊட்டியை விடக் குளிர் குறைவு. ஒரு நாள் ரயிலில் ஊட்டி போய் வரலாம். இன்னொரு நாள் சிம்ஸ் பூங்கா. அங்கே சரிவு கொஞ்சம் உண்டு, மாமியார் நுழைவாசல் பக்கமே உட்கார்ந்திருக்கலாம், பெரிய பெரிய மரம், நல்ல நிழல்.

இனி ரூம். இதை நிதானமாகப் படியுங்கள்.

என் அம்மாவுக்கும் உங்கள் மாமியார் மாதிரி முழங்கால்தான். ஒரு கல்யாணத்துக்காக ஊட்டியில் ஒரு விடுதியில் ரூம் எடுத்திருந்தார்கள். "நல்ல வியூ ரூம்" என்று சொன்னார்கள். வியூ உண்மைதான், பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. ஆனால் மலையில் வியூ என்றால் உயரம், உயரம் என்றால் படி. கார் நிற்கிற இடத்திலிருந்து 64 படி. கைப்பிடி இல்லை, கல்லில் பாசி. அம்மா இருபதாவது படியில் உட்கார்ந்துவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது, நான் முந்தானையை அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு அவர் கல்யாணத்துக்கு வரவே இல்லை, ரூமிலேயே இருந்துவிட்டார். மறுபடியும் இறங்கி ஏற அவரால் முடியவில்லை. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

ஆகவே வியூ படம் அனுப்பினால் பார்க்காதீர்கள். கார் நிற்கிற இடத்திலிருந்து ரூம் கதவு வரைக்கும் வழியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை படி, கைப்பிடி உண்டா, கேளுங்கள். நல்ல மனுஷர் உடனே அனுப்புவார். அனுப்பத் தயங்கினால் அந்த ரூம் வேண்டாம். வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கேளுங்கள். பல இடத்தில் காலையில் மட்டும்தான் வரும், மழையில் நனைந்து சாயங்காலம் திரும்பினால் பச்சைத் தண்ணீர்தான். வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, ஆளுக்கு ஒரு ரஜாய் கிடைக்குமா, இதெல்லாம் மலையில் கேட்டே ஆக வேண்டியது.

மூன்றாம் நாள் காலை. சீசனில் போலீஸார் வழக்கமாக ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள். நீங்கள் குன்னூரில் இருந்தாலும் கோத்தகிரி சுற்றித்தான் இறங்க வேண்டியிருக்கும், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஆறரைக்கே கிளம்பிவிடுங்கள். மகளுக்கு அரை வயிறு இட்லி போதும், பால் வேண்டாம். வாந்தி மாத்திரை உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: எந்த கியரில் ஏறுவாரோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது.

மாமியாருக்கு: மேட்டுப்பாளையத்து ரூமைக் காலையிலேயே தரும்படி முன்கூட்டியே பேசிவிடுங்கள். அரை நாள் வாடகை கூடக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். ஏசி ரூமில் காலை நீட்டிப் படுக்கட்டும். வெயில் தாழ்ந்ததும் ஆட்டோவில் தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகலாம், பவானிக் கரையில் இருக்கிறது. துணைக்கு நீங்களோ வீட்டுக்காரரோ ஒருவர் பார்க்கிலிருந்து கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடுங்கள்.

இ-பாஸை இப்போதே எடுங்கள். சீசனில் நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்று கணக்கு உண்டு. தண்ணீருக்கு வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை.

மேட்டுப்பாளையம் மண்டிக்காரர்

மூன்று இரவுக்கு டீச்சரம்மா கணக்குதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். அம்முக்கா, கோயிலுக்கு ஆட்டோ பேசும்போது போக வர, காத்திருக்கச் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். அங்கிருந்து திரும்ப வண்டி பிடிப்பது கஷ்டம்.

விருதுநகர் அம்மு

குன்னூரில் மூன்று இடத்துக்கு போன் போட்டேன். வழியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னதும் ஒருத்தர் போனையே வைத்துவிட்டார். இன்னொருத்தர் மறுபடியும் பள்ளத்தாக்குப் படத்தையே அனுப்பினார். மூன்றாவது ஒரு வயதான அம்மா. அவரே நடந்து போய்க் காரிலிருந்து கட்டில் வரைக்கும் வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார், மூச்சு வாங்குகிற சத்தம் கூடக் கேட்கிறது. 4 படி, ஒரு பக்கம் இரும்புக் கைப்பிடி. மாமியாரிடம் காட்டினேன். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு "இது ஏறிடுவேன்" என்றார். அட்வான்ஸ் அங்கே கட்டிவிட்டேன்.

கடைசி இரவுக்கு ஊட்டி ரோட்டில் ஏசி ரூம், காலை ஒன்பதுக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இ-பாஸ் எடுத்தாகிவிட்டது. அக்கா, மூன்றாம் நாள் கோத்தகிரி வழியாகத்தானே இறங்குகிறோம். ஏழரை மணிவாக்கில் உங்கள் ஊரைத் தாண்டுவோம். மகளுக்கு அன்றைக்கு ஜடை போடப் போவதில்லை.