பழைய கவரில் "ஆர்.ஐ.சி. 350", பதிவில் எந்த எண்ணைப் போடுவது?

தேவகோட்டைக்காரன்:
எங்கள் ஐயா சேர்த்து வைத்த காசுகளைப் பெட்டகத்திலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு தெனாரியஸ், அதாவது ரோம வெள்ளிக்காசு: முன்புறம் பேரரசர் அகஸ்டஸ் தலை, பின்புறம் பேரன்கள் கையஸும் லூசியஸும் நிற்க நடுவில் கேடயங்கள். எடை 3.62 கிராம். கவர் மேல் பென்சிலில் "ஆர்.ஐ.சி. 350" என்று இருக்கிறது, ரோமப் பேரரசின் காசுகளை வகைப்படுத்தும் பட்டியல் நூலின் எண் அது. அந்தப் பட்டியலை இணையத்தில் தரும் ஓக்ரே தளத்தில் அகஸ்டஸ் 350-ஐத் தேடினால் வேறு காசு வருகிறது, படம் ஒத்துப்போவது 207-க்குத்தான். எதை எழுத? ஏலக்காரர்கள் கோஹன், பி.எம்.சி., ஆர்.எஸ்.சி. என்று மற்றப் பட்டியல் நூல்களின் எண்களையும் நாலைந்து அடுக்குகிறார்களே, அதெல்லாமும் வேண்டுமா?

காரைக்குடி காசு:
ஐயா சரியாகத்தான் எழுதியிருக்கிறார் அண்ணே. ஆர்.ஐ.சி. முதல் தொகுதி 1923-ல் வந்தது, 1984-ல் சதர்லாந்து என்ற காசு ஆய்வாளர் அதைத் திருத்தி எழுதியபோது எண்களெல்லாம் மாறிவிட்டன. பழையதில் 350, புதியதில் 207. ஓக்ரே புதிய எண்ணைத்தான் காட்டும். "ஆர்.ஐ.சி. 1, இரண்டாம் பதிப்பு, அகஸ்டஸ் 207" என்று முழுதாக எழுதுங்கள், பேரரசர் பெயரை விட்டுவிடாதீர்கள், ஆளுக்கு ஆள் எண் மறுபடி 1-லிருந்து தொடங்கும். கேடயங்களுக்கு மேலே பூசைக் கரண்டியும் வளைகோலும் இருக்கும், எது எந்தப் பக்கம் என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள், இடம் மாறினால் எண்ணும் மாறும். பென்சில் எழுத்தை அப்படியே தனி வரியில் ஏற்றுங்கள், கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முகப்புத் திண்ணை:
நாலு எண் அடுக்குவது வெறும் பந்தா. பாதிப் பேர் அந்த நூல்களைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள், ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்துப் போடுவதுதான். நீங்களே சரிபார்த்த எண் ஒன்று போதும். எண் என்ன வகைக் காசு என்று சொல்லும், உங்கள் கையில் இருக்கும் காசைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எடை, விட்டம், முன்புறத்தை நேராகப் பிடித்துத் திருப்பினால் பின்புறப் படத்தின் மேல்பக்கம் கடிகாரத்தில் எத்தனை மணித் திசையில் இருக்கிறது, முகத்தில் உளிவெட்டு உண்டா, இவற்றைத் தனியாக எழுதுங்கள். 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த ரோமப் பொற்காசுகளில் நிறையவற்றில் பேரரசர் முகத்தில் வெட்டு இருந்தது, அதற்கெல்லாம் ஆர்.ஐ.சி.யில் எண் கிடையாது. இன்னொன்று, இந்த கையஸ் லூசியஸ் வகைக்கு நம் நாட்டிலேயே செய்த நகல்கள் உண்டு. எழுத்து கோணல்மாணலாக, அர்த்தமில்லாமல் இருந்தால் "207-ஐ ஒப்பிடுக, நகல்" என்று போடுங்கள், 207 என்று மட்டும் போடாதீர்கள்.

தேவகோட்டைக்காரன்:
லென்ஸில் பார்த்தேன், எழுத்து சுத்தமாக இருக்கிறது. சரி, கூடவே தேய்ந்துபோன சின்னச் செப்புக்காசு ஒரு பிடி இருக்கிறதே, அதற்கு?

காரைக்குடி காசு:
அதிலே எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறி தெரிகிறதா? பெரும்பாலும் தெரிந்திருக்காது. எண் போட வேண்டாம், "நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்பு, அடையாளம் தெரியவில்லை" என்று எழுதிப் படமும் எடையும் சேருங்கள். அப்புறம், எலுமிச்சையோ புளியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள் அண்ணே!