பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறினால் மைலேஜ் லாபமா?

கேள்வி:
திருச்சியில் இருக்கிறேன். மாதம் இரண்டு தடவை சென்னை போய் வருவேன், மற்றபடி ஊருக்குள் தினமும் 8 கிலோமீட்டர்தான். என் பெட்ரோல் கார் நெடுஞ்சாலையில் 18 தருகிறது, ஊருக்குள் 12 தாண்டுவதில்லை. தெரிந்தவர் ஒருவர் டீசல் காரை விற்கிறார். வாங்கலாமா?

பதில் 1:
என் டீசல் நெடுஞ்சாலையில் 22, ஊருக்குள் 16. டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் போட்ட கணக்கு இது, மீட்டரில் காட்டுவதை நம்பாதீர்கள். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிட பத்து சதவீதத்துக்கும் மேல் எரிசக்தி அதிகம், எஞ்சினுக்குள் காற்றை எவ்வளவு நெருக்கி அழுத்துகிறது என்ற அழுத்த விகிதமும் அதிகம், அப்புறம் குறைந்த வேகத்தில் த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் மூடி) காற்றை அடைத்து வீணாக்கும் பிரச்சினையும் பெரிதாகக் கிடையாது, அதனால்தான் நெரிசலில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பதில் 2:
எந்த வருட வண்டி? 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (வண்டிப் புகைக்கான அரசு விதி) டீசல் என்றால் புகைக்கரி வடிகட்டி இருக்கும். எட்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் அது சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓடினால்தான் அது சூடேறி கரியை எரிக்கும், அதனால் சென்னைப் பயணத்தை விட்டுவிடாதீர்கள்.

பதில் 3:
உங்கள் ஓட்டம் மாதம் சுமார் 1,500 கிலோமீட்டர் வரும், சென்னைக்கு 1,300, ஊருக்குள் 200. மேலே சொன்ன அளவுப்படி பெட்ரோல் 89 லிட்டர், டீசல் 72. சரி, சர்வீஸ் செலவையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.